கழற்றிப் பார்த்தார், மாட்டிக் காட்டினார்!
அதிசய மனிதர் ஜி.டி. நாயுடுவின் கதை

வயலில் ஓர் இளைஞன் வேலை செய்துகொண்டிருந்தான். வயது 20.

திடீரென்று சாலையில் ஒரு சத்தம். படபடவென்று காது அடைத்தது. இளைஞன் நிமிர்ந்து பார்த்தான். புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு வண்டி வந்தது. மாடு இல்லை, குதிரை இல்லை. சைக்கிளைப்போல இரண்டே சக்கரம். ஆனால் மிதிக்கவும் இல்லை! ஒரு வெள்ளைக்கார அதிகாரி அதன்மேல் ஒய்யாரமாக உட்கார்ந்து போனார்.

மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்த இளைஞனால் அதோடு விட முடியவில்லை. அந்த வண்டி எப்படி ஓடுகிறது? அது தெரிந்தாக வேண்டும். தெரிந்துகொள்ள ஒரே வழி, அந்த வண்டியையே வாங்குவது!

அந்த இளைஞன்தான் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பிற்காலத்தில் ஊரும் உலகமும் ஜி.டி. நாயுடு என்று அழைத்தது அவரைத்தான்.

படிப்பு நின்றது

கோவைக்குப் பக்கத்தில், சூலூரை அடுத்து இருக்கிறது கலங்கல் கிராமம். அங்கே 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி நாயுடு பிறந்தார். தந்தை கோபால்சாமி நாயுடு விவசாயி.

பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது. தோட்டத்து வேலைக்கு அனுப்பினார்கள். கையில் மண்வெட்டி, மனசில் ஆயிரம் கேள்வி. அப்போதுதான் அந்த மோட்டார் சைக்கிள் கண்ணில் பட்டது.

அவர் கோவைக்குப் போனார். ஓர் ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். கிடைத்த மற்ற வேலைகளையும் செய்தார். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, மூன்று வருஷம்! இலை போட்டும் பரிமாறியும் 400 ரூபாய் சேர்த்தார்.

ஒரு கூலிக்காரர் அணா அணாவாகச் சேர்க்க வேண்டிய காலம் அது. 400 ரூபாய் இருந்தால் நிலம் வாங்கலாம், நகை வாங்கலாம். நாயுடு வாங்கியது அந்த வெள்ளைக்காரரின் பழைய மோட்டார் சைக்கிளை!

சைக்கிளின் தம்பி

அந்த வண்டியின் பெயர் ரட்ஜ். 1912-ம் ஆண்டு செய்தது. இங்கிலாந்தில் கவென்ட்ரி என்ற ஊரில் பிறந்தது.

ரட்ஜ் கம்பெனி முதலில் மோட்டார் சைக்கிள் கம்பெனி அல்ல, சைக்கிள் கம்பெனி. அதைத் தொடங்கிய டான் ரட்ஜ் 1878-லேயே சைக்கிள் சக்கரத்துக்குப் பால்ரஸ் வைக்கும் முறை ஒன்றுக்கு உரிமை பெற்றவர். பால்ரஸ் என்பது என்ன? சக்கரத்தின் நடுவே, அச்சைச் சுற்றி வரிசையாக இருக்கும் சின்ன எஃகுக் குண்டுகள். அவை உருளுவதால் உரசல் குறைகிறது. ஒரு மிதி மிதித்தால் சக்கரம் வெகுதூரம் ஓடுகிறது.

1911-ல் அதே கம்பெனி மோட்டார் சைக்கிள் செய்ய ஆரம்பித்தது. சைக்கிள் செய்த கைகளே செய்தபடியால், மோட்டார் சைக்கிளும் பார்ப்பதற்குச் சைக்கிளின் தம்பிபோலவே இருந்தது. ஒல்லியான உடம்பு, கம்பிச் சக்கரம், நடுவிலே ஒற்றை சிலிண்டர் என்ஜின். ஆனால் வேகத்தில் புலி! 1914-ல் ஐல் ஆப் மேன் தீவில் நடந்த உலகப் புகழ் பெற்ற பந்தயத்தில் முதலாவதாக வந்தது ரட்ஜ் வண்டிதான்.

பந்தயக் குதிரையின் இனத்தைச் சேர்ந்த வண்டி, கோவையில் ஓர் ஓட்டல் சர்வரின் கைக்கு வந்து சேர்ந்தது!

வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? துடைத்து, எண்ணெய் போட்டு, ஊரைச் சுற்றி வந்திருப்பார். நாயுடு அப்படிச் செய்யவில்லை. வண்டியைப் பிரித்துப் போட்டார்! மறுபடி பூட்டினார். அந்த வேலையிலேயே மெக்கானிக் ஆகிவிட்டார்.

பழைய சைக்கிளை ஓவராயில் செய்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் குறைந்த விலைக்குப் பழைய இங்கிலீஷ் சைக்கிள் ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் உதிர்ந்திருக்கும். மட்கார்டு துருப்பிடித்திருக்கும். ஆனால் பிரேம் நேராக இருந்தால் போதும். நல்ல பால்ரஸ், நல்ல கோன், நல்ல பிரீவீல், நல்ல செயின் வாங்கிப் போட்டு, சக்கரத்தைக் கோட்டம் எடுத்தால், அது கடையில் மினுக்கும் புது சைக்கிளை முந்திக்கொண்டு போகும். வண்டியின் உயிர் மினுக்கில் இல்லை. உள்ளே சுற்றும் பாகத்தில் இருக்கிறது.

சைக்கிளைவிட மோட்டார் சைக்கிள் கடினம். பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலக்க வேண்டும். சரியான நேரத்தில் பொறி விழ வேண்டும். பிஸ்டன் மேலும் கீழும் போய்வர வேண்டும். ஒரு திருகு மாறினாலும் வண்டி கிளம்பாது. சொல்லிக் கொடுக்க ஆசிரியர் இல்லாமல் இதைக் கற்றுக்கொண்டவர் நாயுடு. பள்ளிக்கூடத்தில் உட்கார மறுத்தவருக்கு, அந்த இரும்பு வண்டியே பள்ளிக்கூடம் ஆயிற்று.

பழனி ரோட்டில் முதல் பஸ்

முதல் உலக யுத்த காலம். நாயுடு திருப்பூரில் பஞ்சுத் தொழில் தொடங்கினார். பணம் குவிந்தது. அதை எடுத்துக்கொண்டு பம்பாய்க்குப் போனார். அங்கே பஞ்சு வியாபாரத்தில் எல்லாம் போயிற்று! வெறுங்கையோடு கோவைக்குத் திரும்பினார்.

பணம் போனால் என்ன? பம்பாய் வியாபாரிகள் பணத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ரட்ஜ் வண்டி கொடுத்த வித்தையை எடுக்க முடியவில்லை.

அப்போது கோவையில் பெரிய தொழிலதிபராக இருந்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை. அவருடைய உதவியால் 1920-ல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். அந்த பஸ் ஓடிய பாதை, பொள்ளாச்சியிலிருந்து பழனி. டிரைவர் யார்? முதலாளியேதான்!

அன்று பழனி மதுரை ஜில்லாவில் இருந்தது. 1985-ல்தான் திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. பழனியும் அதோடு போயிற்று. ஆகவே நாயுடுவின் முதல் பஸ், கோவை ஜில்லாவில் புறப்பட்டு மதுரை ஜில்லாவில் வந்து நின்ற பஸ்.

அந்த பஸ்ஸின் அருமையை இன்று நினைத்துப் பார்ப்பது கடினம். 1920-ல் பழனிக்கு ரயில் கிடையாது. திண்டுக்கல்லையும் பழனியையும் பொள்ளாச்சியையும் இணைக்கும் ரயில் பாதை 1928-ல்தான் வந்தது. பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வழியாகப் பழனிக்குச் சுமார் 40 மைல். மாட்டு வண்டியில் புறப்பட்டால் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடி எடுத்தவர்கள் கால்நடையாகவே போனார்கள். வயதானவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் என்ன செய்வார்கள்? அவர்களுக்கு அந்த பஸ் முருகன் அனுப்பிய மயில் வாகனம்!

ஒரு பஸ் பல பஸ் ஆயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று கம்பெனிக்குப் பெயர். சுருக்கமாக யு.எம்.எஸ். 1933-க்குள் நாட்டிலேயே மிகத் திறமையாக நடக்கும் பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று அது பெயர் வாங்கியது.

மதுரையில் ஒருவர், கோவையில் ஒருவர்

அதே காலத்தில் மதுரையிலும் ஒருவர் மோட்டார் தொழிலில் கொடிகட்டிப் பறந்தார். அவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார். 1877-ல் திருக்குறுங்குடியில் பிறந்தவர். 1912-லேயே தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டவர். பிறகு மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு டி.வி.எஸ். நிறுவனத்தை வளர்த்தார்.

ஒருவர் சட்டம் படித்தவர். மற்றவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஆனால் இருவருக்கும் ஓர் உண்மை தெரிந்திருந்தது. வண்டி வாங்குவது பெரிய காரியம் அல்ல. ஓட வைத்துக்கொண்டே இருப்பதுதான் பெரிய காரியம். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போயிற்று. அப்போது கரி வாயுவில் பஸ் ஓடுவதற்கு வேண்டிய கருவியைச் செய்து கொடுத்தது டி.வி.எஸ். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் தொழிற்சாலையும் வைத்தது. பழையதைத் தூக்கி எறியாமல், அதற்குப் புது உயிர் கொடுக்கும் கலை அது. மதுரையில் அது நிறுவனமாக வளர்ந்தது. கோவையில் அது ஒரு தனி மனிதரின் மூளையில் சுழன்றது.

குறைந்த விலை, உயர்ந்த பொருள்

நாயுடு பஸ்ஸோடு நிற்கவில்லை. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் மின்சார மோட்டார் செய்தார். இந்தியாவிலேயே உருவான முதல் மின்சார மோட்டார் என்று அதைப் போற்றுகிறார்கள். பின்னால் கோவை மோட்டாருக்கும் பம்புசெட்டுக்கும் பேர்போன ஊர் ஆனதற்கு அது பிள்ளையார் சுழி.

அவர் மூளையில் பிறந்த பொருள்கள் ஒன்றா, இரண்டா? சின்ன பேட்டரியில் ஓடும் ரசாந்த் என்ற சவரக் கருவி. மிக மெல்லிய பிளேடு. பழரசம் பிழியும் கருவி. மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி. மோசடி செய்ய முடியாத ஓட்டுப்பதிவு எந்திரம். இந்தப் பட்டியல் இன்னும் நீளும்.

இவற்றில் பல, ஏழை எளியவர்களை மனதில் வைத்துச் செய்தவை. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குக் கொடுக்க முடியும் என்று 1941-ல் அறிவித்தார். ரேடியோ என்பது பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது! 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான். உள்ளே இருப்பது தரமாக இருக்க வேண்டும், விலை எட்டும்படி இருக்க வேண்டும் என்பதே அவருடைய கொள்கை.

ஆனால் அந்த கார் தெருவுக்கு வரவில்லை. தயாரிப்பதற்கு சர்க்கார் லைசென்ஸ் கொடுக்கவில்லை. சாமானியன் வீட்டு வாசலில் நிற்க வேண்டிய கார், காகிதத்தில் நின்றுவிட்டது.

சம்பாதித்த பணத்துக்கு வரி மேல் வரி விழுந்தது. மனம் கசந்தார் நாயுடு. தான் அரும்பாடுபட்டு உருவாக்கிய பொருள்களைப் பலர் முன்னிலையில் தானே உடைத்தெறிந்தார்! கழற்றியதை எல்லாம் மறுபடி மாட்டிக் காட்டிய கை, அன்று உடைத்தது. நாடு திடுக்கிட்டது. அவர் செய்தது சரியா என்று சிலர் கேட்டார்கள். அப்படிச் செய்யும் நிலைக்கு அவரைக் கொண்டுவந்தது சரியா என்று சிலர் கேட்டார்கள். இரண்டு கேள்வியும் இன்னும் இருக்கின்றன.

கையால் கற்கும் கல்லூரி

கல்வியிலும் அவர் வழி தனி. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்வி நிலையம் உருவாக அவர் காரணமாக இருந்தார். அதற்கு முதல்வராகவும் இருந்தார். பள்ளியைப் பாதியில் விட்டவர் கல்லூரிக்கு முதல்வர்! அந்தக் கல்லூரி வளர்ந்து இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. என்ஜினீயரிங் படிப்புக்கு வருஷக்கணக்கு எதற்கு என்பது அவர் கேள்வி. எந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவனுக்குச் சீக்கிரம் படிப்பு வரும் என்று நம்பினார். தன் வாழ்க்கையே அவருக்குச் சாட்சி.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி அவர் காலமானார். அப்போது வயது 80.

கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரால் கண்காட்சி இருக்கிறது. அதே சாலையில் 10 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கும் ஜி.டி. நாயுடு பெயரைத்தான் வைத்தார்கள்.

பாலமும் கண்காட்சியும் பெரியவர்கள் வைத்த ஞாபகச் சின்னங்கள். பிள்ளைகள் வைக்கக்கூடிய ஞாபகச் சின்னம் வேறு ஒன்று உண்டு. வீட்டில் ஓடாமல் கிடக்கும் பழைய சைக்கிளைத் திண்ணைக்குக் கொண்டு வாருங்கள். ஒரு பழைய துணியை விரியுங்கள். கழற்றும் ஒவ்வொரு நட்டையும் வரிசையாக வையுங்கள். வரிசை தப்பாமல் திரும்ப மாட்டுங்கள். பெடலைக் கையால் சுற்றும்போது சக்கரம் சத்தமில்லாமல் சுழன்றால், நாயுடு படித்த பள்ளிக்கூடத்தில் நீங்களும் முதல் வகுப்பு தேறிவிட்டீர்கள்!