விரலைத் தின்றது யார்?

கொல்லிமலையில் மலைவாசிக் குழந்தைகளோடு ஓடி விளையாடிய ஒரு வெள்ளைக்காரச் சிறுவன், பின்னாளில் உலகப் புகழ் பெற்றான். அவர்தான் டாக்டர் பால் பிராண்ட்.

அவர் 1914-ம் ஆண்டு தமிழ்நாட்டில் பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்தவ ஊழியர்கள். 9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனார். 1929-ல் தந்தை இங்கேயே காய்ச்சலில் இறந்துவிட்டார். மகன் முதலில் கட்டிட வேலை கற்றார். பிறகு டாக்டருக்குப் படித்தார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

இரும்புப் பிடி

ஒரு நாள் செங்கற்பட்டுத் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பிடித்துப் பார்த்தார். என்ன ஆச்சரியம்! அந்தக் கை இரும்பாய் இறுக்கியது. செத்துப்போன கை என்று எல்லோரும் ஒதுக்கிய கையில் உயிருள்ள தசை இருந்தது!

குறிப்பு எழுதும் வேலை

அவர் உடனே கத்தியை எடுக்கவில்லை. காகிதத்தை எடுத்தார். எந்தத் தசை வேலை செய்கிறது, எந்த விரலில் உணர்ச்சி இல்லை என்று நோயாளிகளை ஒவ்வொருவராகச் சோதித்து எழுதினார்கள்.

ஒருவருடைய குறிப்பு மட்டும் எதையும் சொல்லாது. நூற்றுக்கணக்கானவற்றை ஒப்பிட வேண்டும். ஒரு கேள்வி விட்டுப்போனால், அந்த நோயாளியை மறுபடியும் அழைக்க வேண்டும். இது மாதக்கணக்கில் பிடிக்கும் வேலை.

பலன் கிடைத்தது. பெரும்பாலோருக்கு ஒரே தசைகள்தான் செயலிழந்திருந்தன. மற்றவை நன்றாக இருந்தன. நல்ல தசையின் நாரை இடம் மாற்றித் தைத்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன!

எலி செய்த வேலை

விரல்கள் ஏன் குறைகின்றன? நோய்தான் அழுகச் செய்கிறது என்று அன்று நம்பினார்கள். பிராண்ட் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார். சூடான பாத்திரம், கூரான கருவி என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இரவில் வந்த காயம் மட்டும் புரியவில்லை. காவல் இருந்து பார்த்தார்கள். எலி கடித்துக்கொண்டிருந்தது! வலி தெரியாததால் தூங்கியவர் எழவில்லை. அதன் பிறகு நோயாளிகளுக்குத் துணையாகப் பூனைகள் வந்தன.

1960-ல் அவருக்கு லாஸ்கர் பரிசு கிடைத்தது. 1966-ல் அமெரிக்கா சென்றார். 2003-ல் காலமானார்.

இன்று தொழுநோயை மருந்தால் குணப்படுத்தலாம். காரிமங்கலமானாலும் வேறு ஊரானாலும், உணர்ச்சியற்ற தேமல் கண்டால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்து இலவசம். டாக்டர் கேள்வி மேல் கேள்வி கேட்டு எழுதினால் சலித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் குறிப்பு நாளை இன்னொருவர் விரலைக் காப்பாற்றக்கூடும்.