மகால் கட்டிய மன்னர்



நான் சிவில் இரண்டாம் ஆண்டு. எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள். அப்பா அம்பத்தூர், ஆவடி பக்கம் வீடு கட்டும் கொத்தனார். போன வருஷம் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மதுரை போனபோது, அப்பாவும் நானும் திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்தோம். வாசல் பலகையை நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். உள்ளே போனதும் தூணையும் வளைவையும் அவர் எனக்குப் படித்துக் காட்டினார்! ஊர் திரும்பியதும் அந்த மன்னரைப் பற்றி லைப்ரரியில் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திருமலை நாயக்கர் 1623-இல் பட்டத்துக்கு வந்தார். 1659 வரை 36 ஆண்டுகள் ஆண்டார். அவருடைய அண்ணன் முத்து வீரப்பர் காலத்தில் தலைநகரம் திருச்சிராப்பள்ளி. திருமலை அதை மீண்டும் மதுரைக்கே கொண்டுவந்தார். பெயருக்கு விஜயநகரத்துக்கு அடங்கியவர். அதன் பலம் குறையக் குறையத் தனியரசராகவே நடந்தார். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்ததும் அவர்தான் என்பார்கள்.

1636-இல் மகால் எழுந்தது. 248 தூண்கள். செங்கல், சுண்ணாம்புதான் முக்கியப் பொருள். மேலே கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்த பூச்சு. சொர்க்க விலாசத்தின் நடுக் குவிமாடத்துக்குக் கம்பியும் கிடையாது, உத்திரமும் கிடையாது. செங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது என்று நாம் பரீட்சைக்கு எழுதுகிறோமே, அந்தப் பாடம் அங்கே தலைக்கு மேலே நிற்கிறது. அப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இவ்வளவு உயரத்துக்கு எப்படிச் சாரம் கட்டினான்? எனக்குப் பதில் தெரியலை.

அன்று அந்த வளாகத்தில் நாடகசாலை, ஆயுதசாலை, குளம், தோட்டம் எல்லாம் இருந்தன. நாம் இன்று பார்ப்பது கால் பங்குதான். மீதி என்ன ஆச்சு? திருமலைக்குப் பின் அவர் மகன் சில மாதங்களே ஆண்டார். அடுத்து வந்த பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றினார். மகாலின் பெரும்பகுதியைப் பிரித்து அங்கே எடுத்துப்போனார் என்கிறது வரலாறு. விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் பத்துக் கல்தூண்கள் மட்டும் கூரையில்லாமல் நிற்கின்றன. மிச்சமிருந்த மகாலை, 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்த்தார். பின்பு அங்கே நீதிமன்றம் நடந்தது. இன்று அது தமிழகத் தொல்லியல் துறையின் பொறுப்பு.

திருமலை பட்டத்துக்கு வந்த அதே 1623-இல், பிரான்சில் பதின்மூன்றாம் லூயி வெர்சாயில் சின்னதாக ஒரு வேட்டை மாளிகை கட்டினார். அவர் மகன் பதினான்காம் லூயி 1661 முதல் அதைச் சுற்றி உலகப் புகழ்பெற்ற அரண்மனையும் தோட்டமும் எழுப்பினார். அப்பா கட்டியதை இடிக்காமல் நடுவிலேயே வைத்துக்கொண்டார்! அங்கே மகன் வளர்த்தான். இங்கே பேரன் பிரித்தான்.

மகாலின் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஆனது என்று மதுரையில் சொல்வார்கள். 1645-இல் வெட்டிய குளம். தைப்பூசத்துக்கு இன்னும் தெப்பம் ஓடுது. அரசருக்கான தோட்டம் போயிற்று, ஊருக்கான குளம் நிற்கிறது.

இவ்வளவு படித்தும் அந்தக் குவிமாடத்தைக் கட்டிய ஒரு கொத்தனார் பெயர்கூட எனக்குக் கிடைக்கலை. அப்பா கட்டிய வீடுகளிலும் அவர் பெயர் இல்லை. நான் கரண்டி பிடிக்கக் கூடாது என்றுதான் அவர் என்னைப் படிக்க வைக்கிறார். டிப்ளமோ முடித்து நான் பிளான் போடுவேன். ஆனால் அப்பா கற்றுவைத்ததை விட்டுவிட்டுப் போகிற பிள்ளையாக இருக்க மாட்டேன். இப்போ ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு வேலைக்குப் போகிறேன். முதல் பாடம், சாரம் கட்டுவது.