18 மாதப் புகழ்... 22 வயதில் மரணம்: 'பீட்டில்ஸ்' குழுவுக்கே வழிகாட்டிய பட்டி ஹாலி யார்?

அமெரிக்காவின் தலைசிறந்த ராக் இசைக்குழு எது? இசை ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை வராமல் இருக்காது. ஒருத்தர் 'தி பீச் பாய்ஸ்' என்பார். இன்னொருத்தர் 'தி டோர்ஸ்' என்பார். 'ஈகிள்ஸ்' தான் என்று ஒருவர் அடித்துச் சொல்வார், 'நிர்வானா'வை விட்டுட்டீங்களே என்று அடுத்தவர் கோபப்படுவார்.

இந்தப் பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போகும் பெயர் ஒன்று இருக்கிறது. 'தி கிரிக்கெட்ஸ்'. பெயரைக் கேட்டதும் மட்டையும் பந்தும் நினைவுக்கு வந்தால் அது நம்ம தப்பில்லை. ஆனால் இது ராத்திரியில் கத்தும் சில்வண்டைக் குறிக்கும் பெயர். இந்தக் குழுவின் தலைவர்தான் பட்டி ஹாலி. கறுப்பு ஃபிரேம் கண்ணாடி போட்ட, ஒல்லியான டெக்சாஸ் பையன். இவர் புகழின் வெளிச்சத்தில் இருந்தது ஒன்றரை வருடம்கூட முழுசாக இல்லை. அப்படி என்னதான் செய்தார்? வாங்க, பார்க்கலாம்.

யார் இந்த பட்டி ஹாலி?

1936 செப்டம்பர் 7ஆம் தேதி, டெக்சாஸ் மாநிலத்தின் லப்பக் என்ற ஊரில் பிறந்தார். இயற்பெயர் சார்லஸ் ஹார்டின் ஹாலி. வீட்டில் நான்கு பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. 'பட்டி' என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர்.

வீடு முழுக்க இசைதான். அண்ணன்கள் வாசிப்பார்கள், இவரும் கூடவே கற்றுக்கொண்டார். பள்ளி நாட்களில் நாட்டுப்புறப் பாணியான 'கன்ட்ரி' இசையை நண்பர்களோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார். இரவில் ரேடியோவில் கறுப்பினக் கலைஞர்களின் 'ரிதம் அண்ட் புளூஸ்' பாடல்களைத் தேடிக் கேட்பார்.

1955ஆம் ஆண்டில் லப்பக்கிற்கு எல்விஸ் பிரெஸ்லி வந்தார். எல்விஸ் மேடையேறும் முன் பாடும் வாய்ப்பு உள்ளூர்ப் பையனான ஹாலிக்குக் கிடைத்தது. இனி தன் வழி ராக் அண்ட் ரோல்தான் என்று அவர் முடிவு செய்தது அந்தச் சமயத்தில்தான்.

முதல் வாய்ப்பு, முதல் தோல்வி

1956இல் டெக்கா என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஒப்பந்தத்தில் அவருடைய பெயரில் ஓர் எழுத்து விடுபட்டுவிட்டது. அந்த எழுத்துப்பிழையே அவருடைய மேடைப் பெயராக நிலைத்தது.

பாடல் பதிவுகள் நாஷ்வில் நகரில் நடந்தன. எந்த இசைக்கலைஞர் வாசிக்க வேண்டும், பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்பதையெல்லாம் நிறுவனத்தின் ஆட்களே தீர்மானித்தார்கள். இளைஞர் ஹாலிக்கு அங்கே பெரிதாகச் சொல்வதற்கு இடம் இல்லை. வெளியான இசைத்தட்டுகளும் விற்கவில்லை. 1957 ஜனவரியில், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று டெக்கா தெரிவித்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 20.

பிழைக்க வைத்த பெயர்

ஊருக்குத் திரும்பிய ஹாலி சோர்ந்து உட்காரவில்லை. லப்பக்கில் இருந்து சுமார் 160 கி.மீ. தூரத்தில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் குளோவிஸ் என்ற சிற்றூரில் நார்மன் பெட்டி என்பவர் ஒரு ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்தார். மற்ற இடங்களில் மணிக்கணக்கில் வாடகை. பெட்டியிடம் ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. அதனால் கடிகாரத்தைப் பார்க்காமல், திருப்தி வரும்வரை ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்க முடிந்தது.

1957 பிப்ரவரி 25ஆம் தேதி அங்கே 'தட்'ல் பி தி டே' பாடலைப் பதிவு செய்தார்கள். இங்கேதான் ஒரு சிக்கல். இதே பாடலை ஏற்கனவே டெக்காவுக்காகப் பாடியிருந்தார் ஹாலி. 5 ஆண்டுகளுக்கு அதை வேறு யாருக்கும் பாடித் தரக் கூடாது என்பது ஒப்பந்தம். சொந்தப் பெயரில் வெளியிட்டால் வழக்கு வரலாம். அதனால் குழுவுக்கு ஒரு பெயர் வைத்து, அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடிவு செய்தார்கள்.

கலைக்களஞ்சியத்தைப் புரட்டிப் பூச்சிகளின் பெயர்களைப் பார்த்தார்கள். வண்டு என்ற பொருள் தரும் 'பீட்டில்ஸ்' என்ற பெயரும் பரிசீலனைக்கு வந்தது என்று டிரம்மர் ஜெர்ரி ஆலிசன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கடைசியில் தேர்வானது சில்வண்டு, அதாவது 'கிரிக்கெட்ஸ்'.

பாடலை வெளியிட்ட பிரன்ஸ்விக் நிறுவனம் யாருடையது தெரியுமா? அதே டெக்காவின் துணை நிறுவனம்! வேண்டாம் என்று அனுப்பிய பையனின் பாட்டு, அவர்களுடைய கிளை வழியாகவே திரும்பி வந்து, 1957 செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

அப்படி என்ன புதுமை?

இன்று ராக் பேண்ட் என்றதும் நம்ம கண் முன்னால் வருவது என்ன? இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். அவர்களே பாட்டு எழுதுவார்கள், அவர்களே வாசிப்பார்கள், அவர்களே பாடுவார்கள். 1957இல் இது சகஜம் இல்லை. பாட்டு எழுத ஒருவர், வாசிக்கக் கூலிக்கு வரும் கலைஞர்கள், முன்னால் நின்று பாட ஒரு நட்சத்திரம். அதுதான் அன்றைய வழக்கம்.

ஹாலியின் குழு எல்லாவற்றையும் தானே செய்தது. ஹாலி பாடிக்கொண்டே முன்னணி கிட்டார் வாசித்தார். நிக்கி சல்லிவன் இரண்டாவது கிட்டார், ஜோ பி. மால்டின் பேஸ், ஜெர்ரி ஆலிசன் டிரம்ஸ். அடுத்தடுத்த தலைமுறைகள் நகலெடுத்த அச்சு இதுதான்.

ஒலியிலும் விளையாடினார்கள். 'எவ்ரிடே' பாடலில் கேட்கும் தாளம் டிரம்ஸ் அல்ல, ஆலிசன் தன் தொடையில் தட்டியது. 'நாட் ஃபேட் அவே' பாடலில் அவர் தட்டியது ஒரு அட்டைப்பெட்டியை. ஹாலியின் கையில் இருந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார், அதன்பிறகு ராக் இசையின் அடையாளமாகவே மாறிப்போனது.

ஆனால் இந்தக் காலத்தில்தான் ஒரு குழப்பமும் தொடங்கியது. ஒரே ஆட்கள், ஒரே ஒலிப்பதிவுக்கூடம். சில பாட்டுகள் 'தி கிரிக்கெட்ஸ்' பெயரில் வந்தன, 'பெக்கி சூ' போன்ற சில பாட்டுகள் 'பட்டி ஹாலி' என்ற தனிப் பெயரில் வந்தன. இரண்டு பெயரில் இசைத்தட்டு விற்கலாம் என்ற வியாபாரக் கணக்கு அது. அந்தக் கணக்கின் விலை என்ன என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

பிரிட்டனில் விழுந்த விதை

1957 டிசம்பரில் அமெரிக்காவின் புகழ்பெற்ற 'எட் சல்லிவன் ஷோ' டிவி நிகழ்ச்சியில் குழு தோன்றியது. 1958 மார்ச்சில் பிரிட்டன் முழுக்கச் சுற்றுப்பயணம். சல்லிவன் அதற்கு முன்பே விலகிவிட்டதால் மேடையில் மூன்றே பேர். ஆனாலும் அரங்கம் அதிர்ந்தது.

லண்டன் பலேடியம் அரங்கில் இருந்து ஒளிபரப்பான நிகழ்ச்சியை லிவர்பூலில் ஒரு பையன் டிவி முன்னால் உட்கார்ந்து, ஹாலியின் விரல்கள் எங்கே போகின்றன என்று கவனித்துக்கொண்டிருந்தான். அவர்தான் பால் மெக்கார்ட்னி. கிட்டப்பார்வை உள்ள அவருடைய நண்பர் ஜான் லென்னனுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளக் கூச்சம். கண்ணாடியோடு ஒருவர் ராக் நட்சத்திரமாக நிற்பதைப் பார்த்தது அவருக்குப் பெரிய தைரியம் தந்தது.

அதே ஆண்டு இந்த நண்பர்கள் கூட்டம் காசு கொடுத்து முதன்முதலாகப் பதிவு செய்த பாடல்களில் ஒன்று 'தட்'ல் பி தி டே'. பின்னர் அவர்கள் குழுவுக்குப் பெயர் தேடியபோது கிரிக்கெட்ஸைப் போலப் பூச்சியின் பெயரையே யோசித்தார்கள். 'பீட்டில்ஸ்' பிறந்தது இப்படித்தான். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்கு 1964இல் பிரிட்டனில் பெரிய வெற்றியைத் தந்த பாடலும் ஹாலியின் 'நாட் ஃபேட் அவே'தான்.

காதல், கல்யாணம், காசுப் பிரச்னை

நியூயார்க்கில் ஒரு இசைப் பதிப்பக அலுவலகத்தில் வரவேற்பாளராக இருந்தவர் மரியா எலினா சான்டியாகோ. புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர். முதல் முறை வெளியே சாப்பிடப் போன அன்றைக்கே, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டார் ஹாலி. 1958 ஆகஸ்ட் 15ஆம் தேதி லப்பக்கில் திருமணம் நடந்தது.

அந்த ஆண்டின் இறுதியில் மேலாளராகவும் இருந்த நார்மன் பெட்டியிடம் இருந்து ஹாலி விலகினார். ஆலிசனும் மால்டினும் பெட்டியுடனே டெக்சாஸ் பக்கம் தங்கிவிட்டார்கள். குழு உடைந்தது. பாட்டு விற்ற பணம் பெட்டியின் கட்டுப்பாட்டில் இருந்தது, அது ஹாலியின் கைக்கு வரவில்லை. பாட்டு முதலிடம், பாடகரின் கையில் காசில்லை. மனைவியோ கர்ப்பமாக இருந்தார்.

அதனால்தான், குளிர்காலத்தின் நடுவே ஒரு சுற்றுப்பயணத்துக்கு ஹாலி ஒப்புக்கொண்டார். பெயர் 'வின்டர் டான்ஸ் பார்ட்டி'.

கடைசிப் பயணம்

1959 ஜனவரி 23இல் மில்வாக்கி நகரில் பயணம் தொடங்கியது. 24 நாட்களில் 24 ஊர்கள். ஊர்களின் வரிசையைக்கூட ஒழுங்காகப் போடவில்லை. போன திசையிலேயே திரும்பி வருவதும், மீண்டும் போவதுமாக பேருந்தில் அலைச்சல். உறைய வைக்கும் குளிரில் பேருந்தின் ஹீட்டர் பழுதானது. டிரம்மர் கார்ல் பன்ச் கால் உறைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

ஜனவரி 31ஆம் தேதி துலூத் நகரில் நடந்த நிகழ்ச்சியைப் பார்த்த கூட்டத்தில் 17 வயது மாணவர் ஒருவர் இருந்தார். பின்னாளில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற பாப் டிலன்தான் அவர்.

பிப்ரவரி 2. அயோவா மாநிலம் கிளியர் லேக்கில் நிகழ்ச்சி முடிந்தது. இன்னொரு இரவு அந்தப் பேருந்தில் போக ஹாலிக்கு மனமில்லை. ஒரு சிறிய விமானத்தை வாடகைக்குப் பிடித்தார். தலைக்கு 36 டாலர். விமானியைத் தவிர மூன்று பேர் போகலாம்.

ஹாலியின் குழுவில் பேஸ் வாசித்த வேலன் ஜென்னிங்ஸ், காய்ச்சலில் இருந்த ஜே.பி. ரிச்சர்ட்சனுக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். கிட்டார் கலைஞர் டாமி ஆல்சப் நாணயம் சுண்டிப் போட்டு, தன் இடத்தை 17 வயதுப் பாடகர் ரிச்சி வாலன்ஸிடம் தோற்றார்.

நள்ளிரவைத் தாண்டி ஒரு மணி ஆகும் முன்பே விமானம் கிளம்பியது. சில நிமிடங்களில் பனி மூடிய வயலில் விழுந்து நொறுங்கியது. விமானி ரோஜர் பீட்டர்சனுக்கு வயது 21. நான்கு பேரில் யாரும் பிழைக்கவில்லை. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி விமானிக்கு இல்லை என்பதும், மோசமான வானிலை பற்றிய எச்சரிக்கை அவருக்கு முழுமையாகத் தரப்படவில்லை என்பதும் விசாரணையில் தெரியவந்தது.

ஹாலி இறந்த செய்தி அவருடைய மனைவிக்கு எப்படித் தெரிந்தது? டிவி செய்தியில். யாரும் நேரில் வந்து சொல்வதற்கு முன்பே பெயர் ஒளிபரப்பாகிவிட்டது. அந்த அதிர்ச்சியில் அவருடைய கருவும் கலைந்தது. விபத்துச் செய்திகளில் குடும்பத்துக்குத் தகவல் போகும்வரை பெயரை வெளியிடாமல் காத்திருப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு, இதைவிடப் பெரிய பதில் தேவையில்லை.

அப்படியென்றால், கிரிக்கெட்ஸுக்கு எந்த இடம்?

இப்போது முதல் கேள்விக்கே வருவோம். எத்தனை ஆல்பம், எத்தனை கோடி விற்பனை, எத்தனை ஆண்டுகள் என்று கணக்குப் போட்டால் கிரிக்கெட்ஸ் தோற்றுப்போகும். முதல் பாட்டு முதலிடம் பிடித்ததற்கும் விமானம் விழுந்ததற்கும் இடையே 17 மாதம்கூட முழுசாக இல்லை.

ஆனால் பட்டியலில் உள்ள மற்ற குழுக்கள் எந்த வடிவத்தில் நின்று வாசித்தன என்று கேட்டால் கணக்கு மாறும். அந்த வடிவத்தை உலகத்தின் கண்ணில் பதிய வைத்தவர்கள் இந்த டெக்சாஸ் பையன்கள்.

அப்புறம் ஏன் பெயர் விட்டுப்போகிறது? இரண்டு பெயரில் பாட்டு விற்ற அந்தக் கணக்குதான் காரணம். பாராட்டு முழுக்க 'பட்டி ஹாலி' என்ற தனிமனிதர் பக்கம் போய்ச் சேர்ந்தது. 1986இல் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றம் தனது முதல் ஆண்டுக் கௌரவத்திலேயே ஹாலியைச் சேர்த்தது. கூட வாசித்தவர்களைச் சேர்க்கவில்லை. கிரிக்கெட்ஸ் குழுவுக்கு அந்தக் கதவு திறந்தது 2012இல். 26 ஆண்டுகள் கழித்து! நிக்கி சல்லிவன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவர் 2004லேயே காலமாகிவிட்டார்.

லப்பக் கல்லறைத் தோட்டத்தில் உள்ள ஹாலியின் நினைவுக்கல்லில், ஒப்பந்தத்தில் விடுபட்ட அந்த எழுத்தைத் திரும்பச் சேர்த்து, குடும்பப் பெயரின் அசல் வடிவத்தையே பொறித்திருக்கிறார்கள். அடுத்த முறை தலைசிறந்த குழுக்களின் பட்டியல் போடும்போது, விடுபட்ட அந்த இன்னொரு பெயரையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்.