மைக்கேல் பாரடே

இலண்டன் மாநகரையடுத்த நியூவிங்டன் என்னுமிடத்தில், 1791-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், வறிய கருமான் ஒருவர்க்கு மகனாய்த் தோன்றினார் மைக்கேல் பாரடே. எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்குமன்றி அவர் பள்ளியிற் கற்றது வேறில்லை. பதினான்காம் வயதில் ரீபோ என்னும் புத்தகங் கட்டுவோரிடம் தொழில் பயிலச் சேர்ந்து ஏழாண்டு உழைத்தார். கட்ட வந்த நூல்களைத் திறந்து படிப்பது அவர் வழக்கமாயிற்று. பிரிட்டானியக் கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையும், மார்செட் அம்மையார் இயற்றிய இரசாயன நூலும் அவருள்ளத்தைக் கவர்ந்தன. தமிழ் பயிலும் எமக்கு மின்சார நூலாரிடத்து என்ன உறவென்று எம் நண்பர் சிலர் நகைப்பர். புத்தகங் கட்டிய பிள்ளைக்கு இருந்த உறவே எமக்கும் உண்டென்போம்.

1812-இல் கடைக்கு வந்துபோகும் ஒருவர், இராயல் இன்ஸ்டிட்யூஷன் என்னும் கழகத்தில் ஸர் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய சொற்பொழிவுகளுக்கு அனுமதிச் சீட்டுக்கள் அளித்தார். பாரடே கேட்டவற்றையெல்லாம் படங்களுடன் எழுதித் தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு விடுத்தார். மறுவருடம் மார்ச்சு மாதத்தில் அக்கழகத்தின் உதவியாளராயினார். பின்னர் டேவியுடன் ஐரோப்பா முழுதும் சுற்றியபொழுது, டேவியின் மனைவியார் அவரை ஏவலாளனாகவே நடத்தினர்.

அதனினும் பெரிய துன்பம் பின்னர் வந்தது. 1821-இல், மின்னோட்டமுள்ள கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலுமாறு பாரடே செய்து காட்டினார். மின்மோட்டார்களுக்கெல்லாம் முன்னோடி அதுவே. வொல்லாஸ்டன் என்னும் அறிஞரின் கருத்தை அவர் பெயர் கூறாது எடுத்துக்கொண்டாரெனப் பழி எழுந்தது. இராயல் சங்கத்தில் பாரடேயை உறுப்பினராக்க நண்பர் முயன்றபோது, சங்கத் தலைவராயிருந்த டேவியே எதிர்த்தனர். எதிர்ப்பையும் மீறி 1824-இல் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். கைதூக்கிவிட்டவரே கால்தடுக்குதல் எத்துணைக் கொடிது! ஆயினும் பாரடே தம் ஆசானைப் பெருமையோடன்றிப் பேசினாரல்லர்.

1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் அவர் செய்த சோதனையை யாம் சற்று விரித்துரைப்போம். இரும்பு வளையமொன்றின் இருபுறமும் தனித்தனியே கம்பி சுற்றி, ஒன்றைப் பாட்டரியோடும் மற்றொன்றைக் காந்த ஊசிக்கு அருகே செல்லும் கம்பியோடும் இணைத்தார். மின்சாரம் ஒழுங்காய் ஓடுங்காலை ஊசி அசையவில்லை. பாட்டரியை இணைத்த அக்கணத்தில் அசைந்தது. பிரித்த கணத்தில் எதிர்ப்புறமாய் அசைந்தது. ஓட்டத்தையே நோக்கியிருந்தவர் பலர் காணாததை, இணைப்பையும் அறுப்பையும் நோக்கிய பாரடே கண்டார். ஜெனரேட்டரும் டிரான்ஸ்பார்மரும் இதிலிருந்தே பிறந்தன.

மூன்றாண்டு கழிந்தபின் ஜென்கின் என்பார் ஒரு புதுமையை அவர்க்கு உணர்த்தினார். மின்காந்தத்தின் கம்பிச் சுருளைச் சிறிய மின்கலத்தோடு சேர்த்துப் பிரித்தால், பிரிக்கும்பொழுது கையில் வலிய அதிர்ச்சி உண்டாகும். பாரடே ஆராய்ந்து, நேர்க்கம்பியில் பொறி சிறிதென்றும், சுருளில் பெரிதென்றும், சுருளுள் இரும்பிருப்பின் மிகப் பெரிதென்றும் கண்டார். ஓடுகின்ற மின்சாரம் தன் கம்பியிலேயே ஒரு தூண்டலை விளைத்து, நிறுத்துவாரை எதிர்த்து நிற்கிறது.

இதனை ஏட்டுச் சுரைக்காய் என்பார், எம் ஊராகிய கடையநல்லூருக்கு வந்து பார்க்கட்டும். பாபநாசத்தில் தாமிரபருணி நீரால் இயங்கும் மின்னிலையம் தொடங்கிய ஆண்டு 1944. இன்று நம் பக்கத்துச் சிற்றூர் ஆலைகளிலும், 11,000 வோல்ட்டு மின்சாரத்தை டிரான்ஸ்பார்மர் 400 வோல்ட்டளவாகக் குறைத்துத் தருகிறது. அதனை அடுத்த பலகையில் பிரேக்கர் என்னும் அறுப்புக் கருவி நிற்கிறது. 1,000 வோல்ட்டுக்கு உட்பட்டதைத் தாழ்ந்த அழுத்தமென்பர். பெயர் தாழ்வாயினும் உயிர் குடிக்க 400 வோல்ட்டு போதும். கம்பிகள் தம்முள் முட்டிக்கொண்டால் பல்லாயிரம் ஆம்பியர் பாயும். அதனை அறுக்கையில் தொடுமுனைகளிடையே சுடர் எழும். பெரிய பாட்டரி கொண்டு அவையோர் வியக்க டேவி காட்டிய மின்வில் இச்சுடரே! பிரேக்கரில் அச்சுடரை, மின்னோட்டத்தின் காந்த விசையே மேலே தள்ளி, இரும்புத் தகடுகள் அடுக்கிய கூட்டினுள் துண்டுதுண்டாக்கி அணைக்கிறது. அக்கூட்டைப் பொருத்தாது விசையை மூடுபவன் தன் முகத்தைத் தீக்குக் கொடுப்பவனாவான்.

ஆதலின் பிரேக்கரை நிறுவுவோர், செப்புப் பட்டைகளின் இணைப்பைத் துடைத்து, அளவு காட்டும் திருகுகோலால் இறுக்குகின்றனர். தளர்ந்த இணைப்பு கொதித்து உருகும். மின்சாரத்தை அறுத்து, அற்றதெனச் சோதித்துணர்ந்து, பூமியோடிணைத்த பின்னரே கைவைப்பர். சோதனைக்காகப் பூமியிணைப்பை நீக்கி, மெக்கர் என்னும் கருவியாற் காப்புறைகளின் தடையை அளப்பர். பிறகு, மிகக் குறைந்த அழுத்தத்தில் பெருமின்னோட்டத்தைச் செலுத்தி, எத்தனை வினாடியில் பிரேக்கர் தானே அறுக்கின்றதெனக் கணக்கிடுவர். குறித்த நேரத்தில் அறுக்காததை ஆலையில் வைத்தல், பூட்டாத வாயிலுக்குக் காவலன் என்று பெயரிடுதல் போலாம். இச்சோதனைக்குரிய மின்னோட்டத்தைத் தரும் பெட்டியுள் இருப்பது யாது? ஒருபுறம் பல சுற்றும் மறுபுறம் ஓரிரு சுற்றும் உள்ள இரும்புக் கட்டு, 1831-இன் வளையமே!

பிற்காலத்தில் பாரடே, அரசாங்கம் அளிக்க முன்வந்த ஸர் பட்டத்தையும், இராயல் சங்கத் தலைமையையும் மறுத்தனர். கிரிமியப் போரில் நச்சுப்புகை செய்ய உதவுமாறு கேட்டபோதும் இசைந்தாரில்லை. 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் ஹாம்ப்டன் கோர்ட்டில் உயிர் நீத்தார். ஹைகேட் இடுகாட்டில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

மின்சாரத்தைத் தேக்கும் ஆற்றலின் அளவைக்கு 'பாரட்' என்று அவர் பெயர் வழங்குகிறது. கம்பிச் சுருள் தன்னைத் தானே எதிர்க்கும் அத்தூண்டலின் அளவைக்கோ, 1832-இலேயே அதனை எழுதி வெளியிட்ட அமெரிக்கராகிய ஜோசப் ஹென்றியின் பெயரையே இட்டிருக்கின்றனர்.