சணல் முறுக்கில் கண்ட பேருண்மை

விலையுயர்ந்த கருவிகள் இருந்தால்தான் அறிவியல் வளரும் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணத்தைத் தம் வாழ்வால் மாற்றிக் காட்டியவர் அறிஞர் ஜகதீச சந்திர போஸ்.

இன்று வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் அவர் பிறந்தார். அரசு அலுவலரான தந்தையார், மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாது வங்கமொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். அங்கே அவருடைய ஒருபுறம் தந்தையின் முஸ்லிம் பணியாளரின் மகனும், மறுபுறம் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்து பயின்றனர். எளிய மக்களின் கைத்திறனை மதிக்கும் பண்பு அங்கேயே வேரூன்றியது எனலாம்.

கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பிய போஸ், 1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். ஐரோப்பியரினும் குறைந்த ஊதியமே இந்தியருக்கு என்றனர். அதனைத் தொட மறுத்து மூன்றாண்டுகள் ஊதியமின்றியே பாடம் நடத்தினார். முடிவில் முழு ஊதியமும் நிலுவையுடன் அவரை வந்தடைந்தது.

ஆய்வுக்கூட வசதியும் அன்று இல்லை. உள்ளூர்த் தகரத் தொழிலாளி ஒருவரைப் பழக்கிக் கருவிகள் செய்வித்தார். ஹெர்ட்ஸ் கண்ட மின்காந்த அலைகள் நீளமானவை. போஸோ சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை உண்டாக்கினார். 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களைக் கடந்து சென்ற அலைகளால் மணியை ஒலிக்கச் செய்து வெடிமருந்தையும் பற்றவைத்தார்.

அலையின் அதிர்வுத் திசையைப் பிரித்தறிய, இரயில்வே கால அட்டவணை நூலொன்றின் பக்கங்களுக்கிடையே மெல்லிய வெள்ளீயத் தாள்களைச் செருகினார். தாள்களுக்கு இணையான மின் அதிர்வு தடைப்பட்டது. செங்குத்தான அதிர்வு கடந்து சென்றது.

இதனினும் வியப்பானது 1898-ஆம் ஆண்டு ஆய்வு. சர்க்கரைக் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்புகிறது. அதனைச் செய்யும் மூலக்கூறோ கண்ணுக்குப் புலனாகாதது. ஒளியலையினும் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு நீண்ட அலை தம் கையில் இருக்க, மூலக்கூற்றின் வேலையைச் செய்யும் பொருளையும் அதற்கேற்பப் பெரிதாக்கினால் என்ன என்று அவர் கருதினார். சணலை முறுக்கி வைத்தார். அதிர்வுத் தளம் திரும்பிற்று. எதிர்ப்புறமாக முறுக்கிய சணல் எதிர்ப்புறம் திருப்பிற்று.

அளவும் அலைநீளமும் ஒரே விகிதத்தில் வளர்ந்தால் விளைவும் ஒத்திருக்கும் என்னும் இக்கருத்து இன்றும் வாழ்கிறது. பெரிய வடிவினுள் அதே வடிவம் சிறிது சிறிதாகத் திரும்பத் திரும்ப அமைந்த உலோக அமைப்புகளை ஃபிராக்டல் அமைப்புகள் என்கிறோம். அத்தகைய ஆன்டெனா ஒன்றே பல அலைநீளங்களுக்கு ஏற்புடையதாகிறது. அதன் முழு உருவத்தையும் மிக நுண்ணிய கிளையையும் ஒருங்கே கணக்கிடுவது கணிப்பொறிக்கும் கடும்பணியே. பல அளவுகளை இணைத்து நோக்கும் அக்கலையின் முன்னோடிகளுள் ஒருவராகவே போஸை நாம் காண்கிறோம்.

1917-இல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்த அப்பெருமகன், 1937 நவம்பர் 23-ஆம் நாள் மறைந்தார். வசதி வரட்டும், பிறகு ஆராய்வோம் என்று நாம் காத்திருக்கும் பொழுதெல்லாம், அந்தச் சணல் முறுக்கு நம் நினைவுக்கு வருவதாக.