பந்தாட்ட வீரர் சிவதாச பாதுரி

போர்க்களத்தில் வாகை சூடிய வீரர்களின் வரலாறுகளை நாம் நூல்களிற் பயில்கின்றோம். ஆடுகளத்தில் வாகை சூடி, அதனால் ஒரு நாட்டு மக்களின் தாழ்வுணர்ச்சியைப் போக்கிய வீரர்களும் உளர். அத்தகையோருள் முன்வைத்து எண்ணத்தக்கவர், வங்காளத்துக் காற்பந்தாட்ட வீரர் சிவதாச பாதுரி ஆவார்.

சிவதாசர் கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்த குடும்பத்தினர். இவருடைய உடன்பிறந்தாரும் பந்தாட்டத்தில் வல்லவராக விளங்கினர். அவருள் தமையனாராகிய விஜயதாசர், சிவதாசரோடு ஒரே அணியில் நின்று ஆடிப் புகழ் பெற்றவர். சிவதாசர் கால்நடை மருத்துவத் துறையில் பணிபுரிந்துகொண்டே, ஓய்வு நேரத்தை ஆட்டப் பயிற்சிக்கு உரியதாக்கினார்.

அக்காலத்தில் கல்கத்தா நகரம் ஆங்கிலேயர் ஆட்சியின் தலைநகராக இருந்தது. 1905ஆம் ஆண்டில் கர்சன் பிரபு வங்காளத்தை இரு கூறாகப் பிரித்தார். மக்கள் கொதித்தெழுந்தனர்; அயல்நாட்டுத் துணிகளை விலக்கினர்; சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியது. அரசினரின் அடக்குமுறையும் உடன் வளர்ந்தது. அவ்வடக்குமுறைக்கு அகப்படாது, மகாகவி பாரதியார் 1908ஆம் ஆண்டில் சென்னையினின்று புதுச்சேரிக்கு வந்தார். வங்காளத்தினின்று அரவிந்தர் 1910ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் நாள் இங்கு வந்து சேர்ந்தார். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தமையால் புதுச்சேரி அவர்களுக்குப் புகலிடமாயிற்று.

வங்காளிகளின் உள்ளத்தை வருத்திய மற்றொரு துன்பமும் உண்டு. வங்காளிகள் உடல் வலிமையற்றவர், அஞ்சும் இயல்பினர் என்று மெக்காலே முதலிய ஆங்கிலேயர் எழுதி வைத்தனர். பல்லாண்டுகளாகப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இப்பழிச்சொல்லைக் கேட்ட மக்களுள் சிலர், அதனை உண்மையென்றே நம்பத் தொடங்கினர். பிறர் இகழ்வதைக் காட்டிலும், அவ்விகழ்ச்சியைத் தாமே நம்புவது கொடிதன்றோ? அப்பழியை நீக்க விரும்பிய இளைஞர்கள் மற்போரும் சிலம்பமும் பயின்றனர், காற்பந்தாட்டத்தையும் மேற்கொண்டனர்.

காற்பந்தாட்டத்தைக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தவர் ஆங்கிலேயரே. 1889ஆம் ஆண்டில் வங்காள இளைஞர்களுக்கென மோகன் பாகன் கழகம் தோன்றியது. 1893ஆம் ஆண்டு முதல் இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் கேடயப் போட்டி நடைபெறலாயிற்று. அக்கேடயத்தை ஆங்கிலேயரின் படைப்பிரிவுகளும் அவர்தம் கழகங்களுமே ஆண்டுதோறும் பெற்று வந்தன. ஆங்கில வீரர்கள் உறுதியான பூட்சு அணிந்து ஆடினர். நம்மவரோ வெறுங்காலுடன் ஆடினர். போட்டிகள் மழைக்காலத்தில் நடைபெற்றன. சேறும் நீரும் நிறைந்த தரையில் வெறுங்காலுடன் நின்று, பூட்சுக் கால்களை எதிர்த்து ஆடுவது எத்துணை அரிது என்பதை மாணவர்களாகிய நீங்கள் எண்ணிப் பாருங்கள்.

இவ்விடரைச் சிவதாசர் தம் திறத்தால் வென்றார். மெலிந்த உடலினராகிய இவர், முன்வரிசையின் இடக்கோடியில் நின்று ஆடுவார். பந்து இவர் காலை அடைந்தவுடன், அதனைப் பிரியாது உருட்டிக்கொண்டு விரைந்து செல்வார். எதிரணியினர் இருவர் மூவர் சூழ்ந்து மறிப்பினும், மீன்போல் வழுவி அவர்களைக் கடந்துவிடுவார். உடல் வலிமையால் மோதுவாரை விரைவினாலும் மதிநுட்பத்தினாலும் வெல்வதே இவர் ஆடும் முறையாகும்.

மோகன் பாகன் கழகத்தின் செயலாளராக இருந்த சைலேன் பாசு, வீரர்களுக்குப் படைவீரர்க்குரிய கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் கற்பித்தார். அதன் பயனாக, அவ்வணி 1906, 1907, 1908ஆம் ஆண்டுகளில் வணிகர் கோப்பையைத் தொடர்ந்து மும்முறை வென்றது. 1909ஆம் ஆண்டில் கேடயப் போட்டியிற் கலந்துகொண்டு, ஆங்கிலப் படைப்பிரிவு ஒன்றிடம் தோல்வியுற்றது. தோல்வி கண்டு வீரர்கள் துவளவில்லை. தம் குறைகளை ஆராய்ந்து மேலும் பயின்றனர்.

1911ஆம் ஆண்டில் சிவதாசர் அணித்தலைவராக விளங்கினார். மோகன் பாகன் அணி முதலில் செயிண்ட் சேவியர் கல்லூரி அணியையும், பின்னர் ரேஞ்சர்ஸ் கழகத்தையும், ரைபிள் பிரிகேடு படையணியையும் முறையே வென்றது. மிடில்செக்ஸ் படைப்பிரிவுடன் ஆடிய முதல் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. மீண்டும் ஆடிய ஆட்டத்தில் மூன்று கோல்கள் பெற்று அவ்வணியை வென்றது. இறுதியாட்டத்தில் ஈஸ்டு யார்க்சயர் படைப்பிரிவை எதிர்க்க வேண்டியதாயிற்று.

ஜூலைத் திங்கள் 29ஆம் நாள், புகைவண்டிகளிலும் நீராவிப் படகுகளிலும் மக்கள் கல்கத்தாவுக்கு வந்து குவிந்தனர். கூட்டம் 80,000 பேரை எட்டியது என அந்நாளைச் செய்திகள் கூறும். ஆட்டத்தைக் காண இயலாது தொலைவில் நின்றவர்க்கு, பட்டங்களைப் பறக்கவிட்டுக் கோல் நிலையை அறிவித்தனர். மோகன் பாகன் வீரர் பதினொருவருள் சுதீர் சட்டர்ஜி ஒருவரே பூட்சு அணிந்திருந்தார். ஏனைய பதின்மரும் வெறுங்காலினர்.

முற்பாதியில் எவரும் கோல் பெறவில்லை. பிற்பாதியில் ஜாக்சன் என்னும் ஆங்கில வீரர் பந்தை உதைத்துத் தம் அணிக்கு முதற்கோலைப் பெற்றுத் தந்தார். கூடியிருந்த மக்கள் வாடினர். ஆட்டம் முடியச் சில மணித்துளிகளே இருந்தன. அந்நிலையில் சிவதாசர் பந்தைக் கடத்திச் சென்று கோல் அடித்து, நிலையைச் சமன் செய்தார்.

மீண்டும் பந்து சிவதாசரிடம் வந்தது. எதிரணிக் காவலர் அனைவரும் அவரையே நோக்கி விரைந்தனர். வெற்றிக் கோலைத் தாமே அடித்துப் பெரும்புகழ் பெற வேண்டும் என்னும் ஆசை எவர்க்கும் எழக்கூடிய நேரம் அது. ஆனால், சிவதாசர் தம்மினும் நல்ல இடத்தில் நின்ற அபிலாஷ் கோஷ் என்பாரிடம் பந்தைத் தள்ளினார். அபிலாஷ் அதனைக் கோலாக்கினார். இரண்டிற்கு ஒன்று என்னும் கணக்கில் மோகன் பாகன் வென்றது. இந்தியர் அணியொன்று கேடயம் பெற்றது அதுவே முதன்முறையாகும்.

இந்துக்களும் இசுலாமியரும் கிறித்தவரும் வேறுபாடின்றி மகிழ்ந்தனர். அணியினருள் பலர் கிழக்கு வங்காளத்தார். ஆதலின், பிரிக்கப்பட்ட இரு பகுதியினரும் அவ்வெற்றியைத் தமதாகவே கொண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் வங்காளப் பிரிவினை நீக்கப்பட்டது. தலைநகரும் தில்லிக்கு மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டது. பந்தாட்ட வெற்றியே இவற்றுக்குக் காரணம் என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும், ஆங்கிலேயர் வகுத்த ஆட்டத்தில், அவர்தம் விதிகளுக்கு உட்பட்டே அவர்களை வெல்லலாம் என்னும் நம்பிக்கை மக்கள் உள்ளத்தில் வேரூன்றியது. நெடுநாளைய பழிச்சொல் அன்று பொய்யாயிற்று.

சிவதாசர் 1932ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார். நாடு விடுதலை பெற்றதைக் காணும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை. மோகன் பாகன் அணி அக்கேடயத்தை இரண்டாம் முறை வென்ற ஆண்டு 1947 ஆகும். ஜூலை 29ஆம் நாளை அக்கழகத்தார் இன்றும் விழாவாகக் கொண்டாடுகின்றனர்.

சிவதாசர் எவரையும் இகழ்ந்திலர். விதி மீறி ஆடியும் வென்றிலர். இடைவிடாப் பயிற்சியாலும், இடர் வந்துழிக் கலங்காமையாலும், புகழைத் தோழருக்கு ஈயும் பெருந்தன்மையாலும் அவர் உயர்ந்தார். ஆடுகளத்திற் காலூன்றும் மாணவர் ஒவ்வொருவரும் அவரிடம் கற்றற்குரிய பண்புகள் இவையே.