பல்லுக்கு கிளிப் போடும் குழந்தைகளுக்கு 'கிளாஸ்' பிரித்தவர்: யார் இந்த எட்வர்ட் ஆங்கிள்?

பல்லுக்கு கிளிப் போடக் குழந்தையைக் கூட்டிட்டுப் போனால், டாக்டர் ஃபைலில் 'கிளாஸ் 2' என்று எழுதுவார். ஸ்கூல் கிளாஸ் இல்லை. 1899-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் போட்ட கணக்கு அது.

1855-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். 1878-ல் பல் மருத்துவம் முடித்தார். உடம்புக்கு முடியாமல் போக, மொன்டானா போய் ஆட்டுப் பண்ணை வைத்தார். கடும் பனிக்காலம் ஆடுகளைக் கொன்றுவிட, மறுபடி பல்லுக்கே வந்தார். நல்லவேளை!

அதுவரை கோணல் பல்லை ஆளாளுக்கு ஒரு விதமாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆங்கிள் பிடித்தது ஒரே பல்லை: சுமார் 6 வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். (பால் பல்தானே என்று பெற்றோர் பலர் சொத்தையாக விட்டுவிடுவதும் இதைத்தான்.) மேல் கடைவாய்ப்பல்லை வைத்துக் கீழ்ப்பல் எங்கே உட்காருகிறது என்று பார்த்தார். சரியாக உட்கார்ந்து, மற்ற பற்கள் மட்டும் நெருக்கியடித்தால் கிளாஸ் 1. பின்தள்ளி இருந்தால் கிளாஸ் 2. முன்தள்ளி இருந்தால் கிளாஸ் 3.

1900-ல் செயின்ட் லூயிஸில் இதற்கென்றே பள்ளி தொடங்கினார். அவர் 1920-களில் வடிவமைத்த 'எட்ஜ்வைஸ்' பிரேஸஸில் இருந்து வளர்ந்ததுதான் இன்றைய பிரேஸஸ்.

பிடிவாதக்காரர். சீரமைப்புக்காக ஒரு பல்லைக்கூடப் பிடுங்கக் கூடாது, எல்லாப் பல்லையும் வரிசையில் கொண்டுவந்தால் எலும்பும் அதற்கேற்ப வளரும் என்று நம்பினார். சிலருக்குப் பிடுங்கித்தான் ஆகணும் என்று கால்வின் கேஸ் சொன்னார். 1911-ல் அது பெரிய விவாதமாக வெடித்தது. ஆங்கிள் கடைசி வரை இறங்கி வரவில்லை, 1930-ல் இறந்தார்.

அவர் நம்பிக்கையை உடைத்ததும் அவரிடம் படித்தவர்தான். குருவின் வழியில் சிகிச்சை செய்த குழந்தைகளில் பலருக்குப் பற்கள் திரும்பக் கோணியதையும், வாய் முன்தள்ளி நின்றதையும் சார்லஸ் ட்வீட் பார்த்தார். நான்கு பற்களை எடுத்துவிட்டு, அதே ஆட்களுக்கு மறுபடி சிகிச்சை செய்தார். 1940-ல் அந்த முடிவுகளை வெளியே வைத்தார்.

உண்மையில் ஆங்கிளின் கணக்கு சொன்னது பல்லை மட்டும்தான். தாடையே பின்தங்கியிருக்கிறதா என்பதைத் துல்லியமாக அளக்கும் எக்ஸ்ரே முறையை அவருடைய இன்னொரு மாணவர் பிராட்பென்ட் வெளியிட்டது 1931-ல். கீழ்த்தாடை சின்னதாக இருக்கும் பிள்ளைக்கு, வளரும் வயதிலேயே தாடையை முன்னால் கொண்டுவரும் கருவி போடலாம். வளர்ச்சி நின்ற பிறகு, பாதிப்பு அதிகமென்றால் ஆபரேஷன் வரை போக வேண்டிவரும்.

ஆங்கிள் தொடங்கிய சங்கத்தின் வழிவந்த அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர்கள் சங்கம், 7 வயதுக்குள் முதல் செக்-அப் செய்யச் சொல்கிறது. ஆங்கிள் பிடித்த அந்தக் கடைவாய்ப்பல் அதற்குள் முளைத்திருக்கும்.